பால்கனியில் கரி அடுப்பு: நோட்டீஸ் வந்துவிட்டது, என்ன செய்வது?

டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸை ஒட்டிய ஒரு புறநகரிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மூன்று தளக் கட்டிடத்தின் மேல்தளத்தில் மனைவி, மகளோடு வாடகைக்கு இருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். ஊரில் மொட்டை மாடியில் கரி மூட்டிக் கோழியும் மீனும் சுட்டுப் பழகியவர் அப்பா. இங்கே வந்தும் சனிக்கிழமைதோறும் பால்கனியில் ஒரு சின்னக் கரி கிரில் வைத்துச் சுடுகிறார். புகை வருகிறது என்று கீழ்வீட்டுப் பெண்மணி புகார் சொன்னதும், கேஸ் என்றால் பிரச்சினை இருக்காது என்று நினைத்து வாசகர் ஒரு கேஸ் கிரிலும் 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டரும் வாங்கினார். அப்பாவுக்கு அதில் ருசி பிடிபடவில்லை. ஆக, இரண்டுமே பால்கனியில் இருக்கின்றன. இப்போது மேனேஜ்மென்ட் ஆபீஸிலிருந்து கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: தீத் தடுப்பு விதியையும் லீஸையும் மீறியிருக்கிறீர்கள், மூன்று நாளுக்குள் அகற்றி எழுத்தில் உறுதி தர வேண்டும், இன்னொரு முறை நடந்தால் லீஸ் ரத்தாகலாம்.

வாசகருக்குக் கோபம். மாதாமாதம் வாடகை கொடுக்கிறோமே, பால்கனி எங்களுடையதுதானே என்கிறார். கட்டிடம் செங்கல் கட்டிடம், உள்ளே ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இருக்கிறது, ஸ்பிரிங்க்ளர் இருந்தால் விலக்கு உண்டு என்று நண்பர் சொன்னாராம். எதிர் பிளாக்கில் நாலைந்து பால்கனிகளில் கிரில் நிற்கிறது, அவர்களை யாரும் கேட்கவில்லை, நம் சாப்பாட்டு வாசனைதான் அவர்களுக்கு ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். "பாகுபாடு, கோர்ட்டுக்குப் போவேன்" என்று ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறார், அனுப்பலாமா என்று கேட்கிறார். ஹெச்-1பி விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் இதனால் பாதகம் வருமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்களைப் பேச வேண்டும். நோட்டீஸைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி. எனக்குக் கவலை தந்தவை இந்த மூன்று வரிகள்தான்.

ஒன்று: ஒரு சனிக்கிழமை இரவு அப்பா கரிச் சாம்பலைப் பிளாஸ்டிக் பூந்தொட்டியில் கொட்டினார், காலையில் பார்த்தால் தொட்டியின் அடி உருகி, பலகையில் வட்டமாகக் கருப்புத் தடம் விழுந்திருந்தது. இரண்டு: யார் கண்ணிலும் படாமல் இருக்க சிலிண்டரைப் பால்கனி ஓரத்து ஸ்டோர் ரூமில், வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். மூன்று: மழை வந்தால் கிரிலைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இழுத்துக்கொள்வது உண்டு.

இன்றே செய்ய வேண்டியது

சிலிண்டரிலிருந்து தொடங்குவோம். புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். வாட்டர் ஹீட்டர் கேஸில் ஓடுவதாக இருந்தால் அதன் சுடர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். மூடிய சின்ன அறை, தரையோடு கசியும் வாயு, பக்கத்தில் எரியும் சுடர். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. வால்வை இறுக்கி மூடுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றுங்கள், இன்றே கட்டிடத்தை விட்டு வெளியே கொண்டுபோங்கள். மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் வாசலில் கம்பிக் கூண்டில் சிலிண்டர் மாற்றித் தருகிறார்களே, அந்த மாதிரிக் கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். சொந்த வீட்டில் இருக்கும் நண்பருக்கும் கொடுத்துவிடலாம். காரில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து நேராகப் போங்கள். டெக்சஸ் வெயிலில் காரிலேயே விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள். குப்பைத் தொட்டியில் போடவே கூடாது.

அடுத்தது, உள்ளே இழுத்துவைக்கும் கரி. தணலாக இருக்கும் கரி புகையே இல்லாமலும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம், மயக்கம் என்று வரும்போது ஏதோ களைப்பு என்று படுத்துவிடுவார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பனிப்புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். குளிர் தாங்காமல் கரி கிரிலையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பலர் இந்த வாயுவால் மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. கதவு பாதி திறந்திருந்தது என்பது காப்பாற்றாது. குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீடு உங்களுடையது. அணைந்ததுபோல் தெரியும் கரி அடுப்பைக்கூட இனி உள்ளே கொண்டுவர வேண்டாம்.

சாம்பல் விஷயம் இரண்டு வாரம் முன்பு நடந்தது என்கிறீர்கள். இப்போது அங்கே சூடு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் என்ன நடக்கவிருந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கரிச் சாம்பலுக்குள் தணல் ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். தொட்டியில் இருப்பது வெறும் மண் என்று அப்பா நினைத்திருப்பார். ஊரில் தொட்டியில் செம்மண்ணும் மணலும் இருக்கும், சாம்பல் கொட்டினால் ஒன்றும் ஆகாது. இங்கே பையில் விற்கும் தொட்டிக் கலவையில் பெரும்பகுதி பீட் பாசியும் மரப்பட்டைத் தூளும். காய்ந்து கிடந்தால் அது சுடர் விடாமல் மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும், மணிக்கணக்கில். பலகை கருகியதோடு அது நின்றது உங்கள் அதிர்ஷ்டம். அந்த வட்டம் இன்னும் கொஞ்சம் எரிந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கடிதமே வேறு.

"செங்கல் கட்டிடம்தானே?"

இல்லை. நம்மில் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. திண்டுக்கல்லில் உங்கள் வீடு செங்கல்லும் கான்கிரீட்டும். மொட்டை மாடியில் கரி சிந்தினால் தரையில் கரி பிடிக்கும், அவ்வளவுதான். டெக்சஸில் மூன்று தள அப்பார்ட்மென்ட் கட்டிடங்களில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு மரம். சுவர், தளம், கூரை எல்லாம் மரச்சட்டத்தில் நிற்கும். வெளியே தெரியும் செங்கல் ஒரு வரிசை மேற்பூச்சு. அதை எடுத்துவிட்டாலும் கட்டிடம் நிற்கும். உங்கள் பால்கனிப் பலகை மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த வகை என்கிறீர்கள். அதுவும் எரியும்.

மேல்தளத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது. பால்கனிக் கூரையின் அடிப்பகுதியிலும், கட்டிடத்தின் ஓரமாகக் கூரை நீண்டு வரும் இடத்திலும் சின்னச் சின்னத் துளைகளோ சல்லடையோ இருக்கும். அட்டிக் என்று சொல்லும் கூரைக்கடி வெற்றிடத்துக்குக் காற்றுப் போக வைத்தது அது. பால்கனியில் பிடிக்கும் தீ சுவரோடு ஏறி அந்தத் துளை வழியே அட்டிக்குக்குள் புகும். அங்கே மெல்லிய மரக்கட்டைகளால் கோத்த கூரைச்சட்டம் காய்ந்து கிடக்கிறது. தடுப்புகள் இருந்தாலும் பல வீடுகளின் தலைக்கு மேலே நீளும் வெற்றிடம் அது. வீட்டுக்குள் இருப்பவருக்குத் தீ தெரியவே தெரியாது, ஸ்மோக் அலாரமும் உடனே அடிக்காது, ஏனென்றால் புகை இன்னும் அறைக்குள் வரவில்லை. தெருவில் போகிறவர்தான் முதலில் பார்ப்பார். பால்கனியில் தொடங்கும் தீ ஒரு வீட்டோடு நிற்காமல் ஒரு பிளாக்கையே காலி செய்வது இப்படித்தான்.

விதி என்ன சொல்கிறது?

டெக்சஸில் நகராட்சிகள் தங்கள் தீத் தடுப்பு விதியைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. டல்லாஸ் பகுதி நகரங்கள் அடிப்படையாக வைத்திருப்பது இன்டர்நேஷனல் ஃபயர் கோட் என்ற மாதிரி விதித்தொகுப்பு. அதன் 2018, 2021 பதிப்புகளில் 308.1.4 என்ற பிரிவு சொல்வது இதுதான்: கரி அடுப்பையோ திறந்த சுடரில் சமைக்கும் வேறு சாதனத்தையோ எரியக்கூடிய பால்கனியில் இயக்கக் கூடாது, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் இயக்கக் கூடாது. உங்கள் பால்கனியின் ஆழம் ஆறடி. அதில் எந்த மூலையில் நின்றாலும் 10 அடி கிடைக்காது. அதாவது பேச்சுக்கே இடமில்லாமல் தடை.

விலக்குகள் மூன்று. முதலாவது, தனி வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும் இந்தத் தடை கிடையாது. உங்கள் நண்பர் தன் வீட்டுக் கொல்லையில் தாராளமாகச் சுடுகிறார் என்றால் காரணம் இதுதான், அவரை உங்களோடு ஒப்பிட முடியாது. இரண்டாவது, ஸ்பிரிங்க்ளர். மூன்றாவது, மிகச் சின்ன கேஸ் சாதனம்: முகாமுக்கு எடுத்துப்போகும் 1 பவுண்டு அளவுள்ள குப்பி பொருத்தியது. நீங்கள் வாங்கியது 20 பவுண்டு. அதை உபயோகிக்காவிட்டாலும், பல குடும்பம் வசிக்கும் கட்டிடத்தின் மாடிப் பால்கனியில் அந்த அளவு சிலிண்டரை வைக்கவே கூடாது என்பதற்குப் புரோப்பேனுக்கென்றே உள்ள தனி விதித்தொகுப்பு, என்எஃப்பிஏ (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) வெளியிடும் என்எஃப்பிஏ 58, இருக்கிறது. கரியை விட்டுக் கேஸுக்கு மாறியபோது நல்லது செய்வதாக நினைத்தீர்கள். விதியின் கண்ணில் ஒரு மீறல் இரண்டானது.

ஸ்பிரிங்க்ளர் விலக்கைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. விதியில் உள்ள வார்த்தை "கட்டிடமும் பால்கனியும் டெக்கும்" ஸ்பிரிங்க்ளரால் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஹாலில் இருந்தால் போதாது. பால்கனியில் நின்று கூரையையும் கதவுக்கு மேலே உள்ள சுவரையும் பாருங்கள். ஸ்பிரிங்க்ளர் தலை தெரிகிறதா? நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கட்டிடம் 1990களில் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு தளம் வரையுள்ள குடியிருப்புகளுக்கு என்எஃப்பிஏ 13ஆர் என்று எளிமையான ஸ்பிரிங்க்ளர் தரம் ஒன்று உண்டு. மனிதர்கள் தப்பிக்க நேரம் கொடுப்பது அதன் நோக்கம், கட்டிடத்தைக் காப்பது அல்ல. அந்தத் தரத்தில் அட்டிக்குக்குப் பொதுவாக ஸ்பிரிங்க்ளர் கிடையாது. மரச்சட்டக் கட்டிடத்தின் பால்கனிக்கும் வேண்டும் என்ற நிபந்தனை பிற்பாடுதான் கட்டிட விதிகளில் வந்தது. எனவே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்க்ளரை நம்பிப் பால்கனியில் தீ மூட்டுவது, நான் மேலே சொன்ன பாதையில் போகும் தீக்கு எதிராக உங்களுக்கு எந்தக் காவலும் தராது.

ஊருக்கு ஊர் திருத்தங்கள் உண்டு என்பதால் உங்கள் நகர ஃபயர் மார்ஷல் (தீத் தடுப்பு அதிகாரி) அலுவலகத்தை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பெயர் சொல்லாமலும் கேட்கலாம். வேறு மாநிலத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஃப்ளோரிடா போன்ற இடங்களில் அடிப்படையே என்எஃப்பிஏ 1 என்ற வேறு தொகுப்பு, அதன்படி பால்கனியில் கிரிலை மூட்டுவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தடை.

"வாடகை கொடுக்கிறோமே!"

கொடுக்கிறீர்கள். அதனால் பால்கனியை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் லீஸ் சொல்லும் வரம்புக்குள். நகர விதி அனுமதிப்பதையும் லீஸ் தடுக்கலாம். நகர விதி தடுப்பதை லீஸால் அனுமதிக்க முடியாது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில், சமூக விதிகள் என்ற இணைப்பில், பால்கனியில் கிரில் உபயோகிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ஆன்லைனில் நாற்பது பக்கத்தைத் தட்டித் தட்டிக் கையெழுத்துப் போட்டோம், யார் படிப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான வருத்தம்தான், ஆனால் கோர்ட்டில் அது வாதமாக நிற்காது.

அதே லீஸில் நீங்கள் கோடிட்டு அனுப்பாத இன்னொரு வரியை நான் படித்தேன். வீட்டுக்காரர் தரப்பின் கவனக்குறைவால் வராத சேதத்துக்கு வாடகைதாரர் ஈடு கட்ட வேண்டும் என்கிறது அது. டெக்சஸில் இந்த வாசகம் பரவலாகப் புழங்குகிறது. இதன் பலம் என்ன என்பதை 2016-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றில் பார்க்கலாம். வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணுக்கு அவர் பெற்றோர் வாஷரும் டிரையரும் பரிசாகத் தந்தார்கள். டிரையரில் தீப்பிடித்தது. கட்டிடத்தின் காப்பீட்டு நிறுவனம் சுமார் 83,000 டாலர் செலவழித்து, அதைத் திருப்பித் தரும்படி அந்தப் பெண்மேல் வழக்குப் போட்டது. அவரிடம் கவனக்குறைவு இல்லை என்று ஜூரி சொன்னது. ஆனாலும் லீஸை மீறியிருக்கிறார் என்றது. அந்த லீஸ் வாசகமே செல்லாது என்ற கீழமை நீதிமன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் மாற்றி, வாசகம் அடியோடு செல்லாததல்ல என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

தவறே செய்யாத ஒருவர் இத்தனை தூரம் அலைய வேண்டியிருந்தது. நீங்களோ எழுத்தில் தடை இருப்பது தெரிந்து, நோட்டீஸும் கையில் வாங்கிய பிறகு தீ மூட்டினால் உங்களுக்காக என்ன வாதாட முடியும்? உங்கள் வாடகைதாரர் காப்பீட்டில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான வரம்பு 1 லட்சம் டாலர். உங்கள் பிளாக்கில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் மிச்சம் உங்கள் கணக்குத்தான். அபராதம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள்: தீப் பாதுகாப்பு தொடர்பான நகர விதியை மீறினால் டெக்சஸில் 2,000 டாலர் வரை விதிக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அபராதத்தைவிட நான் பயப்படுவது மேலே சொன்ன பொறுப்பைத்தான்.

எதிர் பிளாக்கும் பாகுபாடும்

இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 1968-ஆம் ஆண்டின் நியாயமான குடியிருப்புச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு முதலிய காரணங்களால் வாடகைதாரரை வேறுபடுத்தி நடத்துவதைத் தடை செய்கிறது. ஒரே விதியை மற்றவர்களுக்குத் தளர்த்தி நமக்கு மட்டும் இறுக்கினால் அது அந்தச் சட்டத்துக்குள் வரக்கூடும். கீழ்வீட்டுப் பெண்மணியோ ஆபீஸில் யாராவதோ "உங்கள் சாப்பாட்டு நாற்றம்" என்ற தொனியில் எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், தேதியோடு வைத்திருங்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் கொடுக்கலாம். மாநில அளவில் டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் சிவில் உரிமைப் பிரிவும் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் இன்று உங்கள் கையில் இருப்பது என்ன? கீழ்வீட்டுக்காரர் புகை என்றுதான் எழுதியிருக்கிறார். உணவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதிர் பிளாக்கில் கிரில் மூடி போட்டு நிற்கிறது என்கிறீர்கள். எரிந்ததைப் பார்த்ததாக எழுதவில்லை. நான் மேலே சொன்ன 308.1.4 இயக்குவதைத்தான் தடுக்கிறது, காலியாக வைத்திருப்பதை அல்ல. அவர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது. இந்த நிலையில் பாகுபாடு என்று மின்னஞ்சல் அனுப்பினால், "ஆமாம், பால்கனியில் சுட்டோம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்ததுதான் மிஞ்சும். அதனால்தான் வேண்டாம் என்றேன். முதலில் உங்கள் பக்கத்து மீறலை நீக்குங்கள். பிறகும் வித்தியாசமாக நடத்தினால் அப்போது பேசுவோம், உங்கள் கை சுத்தமாக இருக்கும்.

அப்பாவுக்கு என்ன வழி?

ஆறு மாதம் நான்கு சுவருக்குள் இருக்கும் பெரியவருக்கு வாரத்தில் ஒரு நாள் தானாகச் செய்யும் வேலை அது என்பது புரிகிறது. அதை மொத்தமாகப் பிடுங்கச் சொல்லவில்லை. உங்கள் வளாகத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பொதுக் கிரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது, அவரை அங்கே கூட்டிப்போங்கள். நகரப் பூங்காக்களில் இரும்புக் கம்பத்தில் பதித்த கரி அடுப்பு இருக்கும். சில இடங்களில் சொந்தக் கிரிலும் கொண்டுபோக விடுவார்கள், வாசல் பலகையைப் படித்துக்கொள்ளுங்கள். வறண்ட கோடையில் கவுன்டி நிர்வாகம் வெளியில் தீ மூட்டுவதற்குத் தடை போடுவதுண்டு, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் குப்பையில் சேர்க்க வேண்டும். மீனுக்கு மசாலா தடவி ஊறவைப்பதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போனால் அரை மணி வேலைதான்.

எலக்ட்ரிக் கிரில் வாங்கலாமா என்று உங்கள் மனைவி கேட்டாராம். நல்ல யோசனை. அது திறந்த சுடர் இல்லை, 308.1.4-இல் வராது. ஆனால் உங்கள் லீஸில் "எந்த வகைக் கிரிலும்" என்று இருப்பதால் பால்கனியில் வைக்க ஆபீஸிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சமையலறையில் புகைபோக்கிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாதனங்களில் பல 1,500 வாட். இங்கே 120 வோல்ட் என்பதால் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயர் சூடாகி அதுவே தீக்குக் காரணமாகும். சுவர்ப் பிளக்கில் நேராக மாட்டுங்கள். ஊரிலிருந்து 230 வோல்ட் சாதனம் எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

1 பவுண்டு குப்பி விலக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கேஸ் அடுப்பு வாங்கலாமே என்று தோன்றும். நகர விதி அனுமதித்தாலும் உங்கள் லீஸ் தடுக்கிறது. அந்தக் கூரைக்கு அடியில் நின்று சுடர் மூட்டுவதை எந்த விலக்கின் பெயரிலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நோட்டீஸுக்குப் பதில்

நான்கு வரி போதும். நோட்டீஸ் கிடைத்தது, இன்ன தேதியில் இரண்டு கிரிலையும் சிலிண்டரையும் பால்கனியிலிருந்து அகற்றிவிட்டோம், படம் இணைத்திருக்கிறோம், இனி உபயோகிக்க மாட்டோம், பொதுக் கிரிலின் நேரத்தையும் விதிகளையும் தெரிவியுங்கள். மூன்று நாள் முடியுமுன் மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஆபீஸில் நேரில் சொன்னது கணக்கில் வராது. கோபமும் வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம், பழைய சனிக்கிழமைகளின் வரலாறும் வேண்டாம்.

வீட்டை விட்டு உடனே துரத்திவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். டெக்சஸில் எழுத்தில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் தர வேண்டும், லீஸ் வேறு கெடு சொல்லாவிட்டால் குறைந்தது மூன்று நாள். அதன் பிறகும் ஜஸ்டிஸ் கோர்ட் என்ற உள்ளூர்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உத்தரவு வாங்காமல் வெளியேற்ற முடியாது. இப்போது வந்திருப்பது அந்த நோட்டீஸ் அல்ல, எச்சரிக்கைதான். ஆனால் வழக்கு என்று ஒன்று பதிவானாலே அது வாடகைதாரர் பின்னணி அறிக்கைகளில் ஏழு ஆண்டு வரை தெரியலாம். அடுத்த வீடு தேடும்போது தொல்லை. அதுவரை போகவிடாதீர்கள்.

விசாவைப் பற்றி: வீட்டு நிர்வாகம் ஒட்டும் நோட்டீஸுக்கும் குடிவரவுத் துறைக்கும் தொடர்பில்லை. நகர அதிகாரி டிக்கெட் எழுதினால் அது அபராதம் மட்டுமே உள்ள சிறு குற்றம், சிறை கிடையாது. இதற்காக ஹெச்-1பி போய்விடாது. ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில், எப்போதாவது உங்கள்மேல் டிக்கெட் எழுதப்பட்டதா, வழக்குப் பதிவானதா என்று கேட்பார்கள். இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், கோர்ட் காகிதத்தை இணைக்க வேண்டும். உங்களுக்கு இதுவரை அப்படி ஒன்றும் இல்லை.

கடைசியாக, கருகிய பலகை. அதை ஆபீஸுக்குச் சொல்வதா, புதிய தொட்டியால் மறைத்துவிட்டு வீடு காலி செய்யும்போது பார்த்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞர் என்ற முறையில் யோசித்தால், சொல்வது நீங்கள் மீறியதற்கு இன்னொரு சான்றாகும் என்பது உண்மை. ஆனால் கரி கிரில் இருந்தது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், புதிதாக இழக்க ஒன்றுமில்லை. சேதத்தைத் தெரிவிக்கும் கடமை லீஸில் இருக்கிறது. பலகைக்கு அடியில் தாங்கும் மரச்சட்டம் கருகியிருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துத் தெரியாது. அந்தப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவது உங்கள் அம்மாவும் மகளும். எனவே தனி மின்னஞ்சலாக, பழுது பார்க்கும் கோரிக்கையாகவே அனுப்புங்கள்: சூட்டினால் பலகையில் சேதம் ஏற்பட்டிருக்கிறது, அடிச்சட்டத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்று. இதை முன்கூட்டி எனக்கு ஒருமுறை அனுப்பிக் காட்டுங்கள்.

செலவு உங்கள் தலையில்தான் வரும். கருகல் சாதாரணத் தேய்மானத்தில் சேராது. எத்தனை பலகை, கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில் கேளுங்கள். பால்கனி முழுவதையும் புதுப்பித்து உங்களிடம் வசூலிக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாமல் எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள். காலி செய்யும்போது அதே பலகைக்காக டெபாசிட்டிலிருந்து மறுபடி பிடித்துவிடாமல் இருக்க, பணம் கட்டிய ரசீதையும் வேலை முடிந்தபின் எடுத்த படத்தையும் லீஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.